மான் நிற்கும் இடம்

பங்குனி பிறக்கும் நாட்களில், இலுப்பை மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் பூக்கத் தொடங்குகிற சமயத்தில், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் விடிவதற்கு இரண்டு நாழிகைக்கு முன்பே எழுந்து, கையில் ஒரு கம்பைத் தவிர வேறெதுவும் எடுத்துக்கொள்ளாமல், ஊருக்கு மேற்கே இருந்த சரளை மேட்டையும் கண்மாயின் உள்வாயையும் சுற்றிவரப் புறப்படுவது வழக்கம். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல் நானும் அவர் பின்னால் போய்விட்டேன். துப்பாக்கி இல்லை, வலை இல்லை, நாய்கூட உடன் வரவில்லை, "இது என்ன வேட்டை ஐயா?" என்று நான் கேட்டதற்கு, "வேட்டை பெறகு தம்பி, இன்னைக்கு மண்ணப் பாத்துட்டு வருவோம்" என்று அவர் சொன்னார். அன்று அவர் மண்ணைப் பார்த்த விதம் இன்றளவும் என் மனத்தில் அழியாமல் இருக்கிறது.

ஈரம் காயாத கரையோரத்தில் குனிந்து, இரண்டாகப் பிளந்த ஒரு குளம்படியை முதலில் காட்டினார். விளிம்பு கூர்மையாக இருந்தால் அது இரவில் வந்தது. விளிம்பு சரிந்து, அதன் குறுக்கே பூச்சி ஊர்ந்த கோடு விழுந்திருந்தால் நேற்றோ முந்தாநாளோ வந்தது. குளம்பு விரிந்து முனை ஆழப் பதிந்திருந்தால் எதற்கோ அஞ்சி ஓடியது. பெரிய அடியை ஒட்டிச் சிறிய அடி கிடந்தால், மறியோடு பிணை வந்திருக்கிறது, அந்தத் திசையில் வேட்டைக்குப் போகலாகாது என்பது அவர் வைத்திருந்த நியமம். வேலமரம் ஒன்றின் பட்டை உரிந்து வழவழப்பாயிருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, கொம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலை ஆண்மான் உரசித் தேய்த்த இடம் அது என்றார். இலுப்பையடியில் ஒரு பக்கத்துப் பூ மட்டும் துப்புரவாகக் காணாமற் போயிருப்பதைக் கண்டு, பூப்பொறுக்கும் பெண்கள் வருமுன்பே மான் வந்து தின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார். புழுக்கையைக் கம்பு நுனியால் பிளந்து அதன் ஈரத்தைப் பார்த்தார். ஒரு சிட்டிகைப் புழுதியை விரல்களுக்கிடையே நழுவவிட்டு, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று வெகுநேரம் கவனித்தார். திரும்பி வருகையில், நான் கேட்காமலே, தம் சாஸ்திரம் முழுவதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: "தண்ணி, மேய்ச்சல், நெழலு, ஓட வழி, இந்த நாலும் இருந்தாத்தான் மான் நிக்கும். மூணு இருந்தா வரும், நிக்காது."

மான் வருகிற நிலம் வேறு, மான் நிற்கிற நிலம் வேறு என்ற இந்தப் பேதத்தைப் பிற்காலத்தில் நான் வாசித்த விலங்கியல் நூல்கள் விரிவாகப் பேசின. ஆனால் அதை எனக்கு முதலில் சொன்னவர் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு வேட்டைக்காரர். அவருடைய தொழில் சட்டப்படி முடிந்துபோயிற்று. முடிந்தது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தொழிலோடு சேர்த்து அந்த ஞானத்தையும் நாம் புதைத்துவருகிறோமே, அது தகுமா என்பதுதான் இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி. சிவகங்கைச் சீமையில் எஞ்சியிருக்கும் புள்ளிமான்களைக் காப்பதற்கு, தடம் பார்க்கத் தெரிந்த முதியவர்களை அரசாங்கம் அழைத்து, மரியாதையோடு உட்காரவைத்து, ஊதியம் கொடுத்து அவர்களிடம் யோசனை கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

வேட்டை என்பது எங்கள் பிரதேசத்தில் வெறும் வயிற்றுப்பாடாக மட்டும் இருந்ததில்லை. விஜயதசமியன்று ஸ்வாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடும் மகர்நோன்பு உற்சவத்துக்கென்றே காரைக்குடியில் ஒரு பொட்டல் பெயர் பெற்று விளங்குகிறது. மகாசிவராத்திரியை ஒட்டி ஊரே திரண்டு காட்டுக்குள் போகும் பாரிவேட்டை என்ற வழக்கம், தடை செய்யப்பட்ட பின்னும், மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரங்களில் முற்றிலும் மறைந்தபாடில்லை. வள்ளி திருமண நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த எங்கள் கிராமத்து ஜனங்களுக்கு, தினைப்புனத்துக்கு முருகன் வந்ததே ஒரு வேடனாகத்தான், இந்த வழியே ஒரு மான் போயிற்றா என்று கேட்டுக்கொண்டுதான் என்பது நன்றாகத் தெரியும். மானைத் தேடி வந்தவனாகச் சொல்லிக்கொண்டவன், மான் வயிற்றில் பிறந்தவளிடமே தடம் கேட்கிறான் என்ற அந்தக் கற்பனையின் நயத்தை எண்ணும்போதெல்லாம், வேட்டையையும் வாத்ஸல்யத்தையும் நம் முன்னோர் எவ்வளவு அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று வியப்பேன்.

அந்தக் காலத்துக் காடும் இன்றைய காடு அல்ல. 1795ஆம் ஆண்டை ஒட்டி இந்தச் சீமைக்கு வந்து பழகிய ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தம் ராணுவ நினைவுகளில், பெரிய மருதுவைப் பாதையில்லாக் காடுகளில் சுற்றித் திரிவதையே ஆனந்தமாகக் கொண்ட பெரும் வேட்டைக்காரராக வருணித்திருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்பதையும் நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார். வளைந்த அந்தத் தடி போரில் மனிதனையும் வேட்டையில் மானையும் ஒருங்கே வீழ்த்திய ஆயுதம். 1801இல் மருது சகோதரர்கள்மேல் படையெடுத்து வந்த கும்பினிப் படை காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலில் இறங்கி, அங்கிருந்து காளையார்கோயிலுக்கு மரங்களை வெட்டி வழி உண்டாக்க ஏறத்தாழ ஒரு மாத காலம் முயன்று, காட்டின் அடர்த்தியையும் மருதுவின் வீரர்களையும் வெல்ல மாட்டாமல் அந்த முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கியது. அக்டோபர் 1ஆம் தேதி வேறு வழியாகக் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் சேனையை ஒரு மாத காலம் நிறுத்திவைத்த காடு நின்ற இடத்தை இன்று காரைக்குடியிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். போகும் வழியில் ஒரு நரியைக் கண்டாலே அதிர்ஷ்டம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டையை அடியோடு விலக்கிவிடவில்லை. உரிமம் பெற்றுச் சில பிராணிகளைச் சுட இடம் வைத்திருந்தது. 1991இல் வந்த திருத்தமே அந்தக் கதவையும் மூடியது. நம் ஜனங்கள் பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சுட்டுக் கொல்வது மட்டுமே வேட்டை என்று சட்டம் கருதவில்லை. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும், இவற்றுக்கு முயல்வதும்கூட அதன் பார்வையில் வேட்டைதான். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இளைஞர்கள் இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாய்களோடு கருவைக் காட்டுக்குள் போவதை வீரம் என்று நினைப்பார்களானால், அவர்கள் சிறைக்குப் போகும் வழியில் நடக்கிறார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது நான் சொன்ன பெரியவரைப் போல ஒரு குளம்படியைப் பார்த்து அதன் நேரத்தைச் சொல்லத் தெரியுமா? வெளிச்சத்தில் கண்கூசி நிற்கிற பிராணியைச் சுடுவதற்கு எந்த ஞானமும் வேண்டியதில்லை.

ஆனாலும் இன்று எங்கள் மான்களுக்கு முதல் பகை துப்பாக்கி அன்று. பிரான்மலையையும் சிங்கம்புணரியையும் எஸ்.புதூரையும் திருப்பத்தூரையும் சுற்றியுள்ள காடுகளில் இன்னும் புள்ளிமான் கூட்டங்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் அவை தண்ணீர் தேடி ஊருக்குள் வருகின்றன. நாய்கள் கடித்து ஒன்று இறந்தது, கிணற்றில் விழுந்து ஒன்று இறந்தது, சாலையைக் கடக்கையில் வண்டி மோதி ஒன்று இறந்தது என்று பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் மூன்று வரிச் செய்தியாக வந்து போகின்றன. பெரியவர் சொன்ன நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தால், காரணம் தானே விளங்கும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கண்மாய்கள் பங்குனியிலேயே வற்றிவிடுகின்றன. மிஞ்சுகிற நீர், மண் அள்ளிய ஆழமான குழிகளில் தேங்குகிறது. குழியின் சுவர் செங்குத்தானது. பழைய கண்மாயின் உள்வாய், தாம்பாளத்தைப் போல மெல்லச் சரிந்து இறங்கும்; எந்த மட்டத்தில் நீர் நின்றாலும் மான் வந்து முன்னங்காலை ஊன்றிக் குடித்துவிட்டு ஒரே தாவலில் மேட்டுக்கு ஏற முடியும். இன்றோ நீர் கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க வழியில்லை. இறங்கினால் ஏற வழியில்லை. செட்டிநாட்டு ஊருணிகள், செம்பாறைக் கற்களால் படி கட்டி, மழைநீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் சேர்த்து வைத்த அருமையான நீர்நிலைகள்தாம், ஆனால் அவை மனிதர் குடிப்பதற்கென்று ஊர் நடுவில் அமைந்தவை, மானுக்குரியவை அல்ல. ஆகவே கோடையில் புள்ளிமானுக்கு மிச்சம் இருப்பது விவசாயக் கிணறுதான். சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணறு, இருட்டில் ஓடிவரும் பிராணிக்கு வாய் திறந்த பாதாளம்.

மேய்ச்சலின் கதியும் அப்படித்தான். வனத் தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்கும் தைல மரத்தை எங்கள் பக்கத்தில் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பசுங்காடு. உள்ளே நுழைந்தால் மான் தின்னத் தக்க பழம் இல்லை, பூ இல்லை, சருகுக்கு அடியில் புல்லும் அரிது. இலுப்பையும் நாவலும் ஆலும் அத்தியும் கலந்து நின்ற இடத்தில் மாதத்துக்கு ஒன்றாவது உதிர்ந்துகொண்டேயிருக்கும்; அந்த உதிரலைத்தான் மான் நம்பி வாழ்ந்தது. சீமைக்கருவேலத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை நியாயமாகவே சொல்லவேண்டும்: அதை எல்லோரும் ஏசுகிறார்கள், நானும் ஏசியவனே, ஆனால் அதன் நெற்றை மான் தின்கிறது, அதன் புதரில் பகல் வெயிலுக்கு ஒதுங்குகிறது. ஒரே நாளில் இயந்திரத்தைவிட்டு அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு வேறு எதையும் நடாமல் போவோமானால், மூன்றாவதாகப் பெரியவர் சொன்ன நிழலும் தொலையும்.

நான்காவது, ஓட வழி. இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. மேலூரிலிருந்து காரைக்குடிக்கு நான்குவழிச் சாலை வந்திருக்கிறது. பிரயாணிகளுக்கு அதனால் விளைந்த சௌகரியத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மான் தலைமுறை தலைமுறையாகத் தன் தாயின் பின்னால் நடந்து கற்ற தடம், சாலை வந்துவிட்டதென்பதற்காக மாறிவிடுவதில்லை. அது அதே இடத்தில்தான் கடக்கும். எந்த இடத்தில் கடக்கும் என்பதைச் சாலை போடுவதற்கு முன்னால் ஒரு தடம் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருந்தால், அவர் கம்பால் கோடு கிழித்துக் காட்டியிருப்பார். அடியில் ஒரு பாலத்தை அகலமாகக் கட்டவும், வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் உரிய இடத்தில் நிறுத்தவும் அந்த ஒரு கோடு போதுமானதாக இருந்திருக்கும்.

வனத்துறையிலும் தொண்டு மனம் கொண்ட இளைஞரிடையிலும் கோடையில் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்புகிற நற்பணி நடந்துவருவதை நான் அறிவேன். அதைச் செய்கிறவர்களை வணங்குகிறேன். எனினும், தொட்டியை எங்கே வைப்பது என்பது தண்ணீர் வண்டி போய்ச் சேரும் வசதியைக் கொண்டு தீர்மானிக்கத் தக்க விஷயம் அன்று. சாலையோரத் தொட்டிக்கு மானுக்கு முன்னால் நாய் வந்துவிடும். மறைவே இல்லாத வெட்டவெளித் தொட்டியைத் தாகத்தால் சாகும் நிலையிலும் மான் நம்பாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், தப்பி ஓட எந்தப் புதர் அருகில் இருக்கிறது, இரவில் அந்த வழியே யார் நடமாடுவார்கள் என்பதையெல்லாம் பார்த்து இடம் குறிக்க வேண்டும். கொல்வதற்கு இடம் தேடிய கண்ணும் காப்பதற்கு இடம் தேடுகிற கண்ணும் பார்க்க வேண்டியவை ஒன்றேதான்.

வேட்டையின் அறிவைக் காவலுக்குத் திருப்புவது கவிஞனின் ஆசையல்ல, நம் நாட்டிலேயே நடந்து காட்டிய காரியம். பாம்பைப் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்துவந்த இருளர்கள், சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்து பிழைப்பு அற்றுப்போன சமயத்தில், 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டார்கள். அதே பாம்பை அதே கைகள் பிடிக்கின்றன. இன்று நஞ்சை எடுத்துக்கொண்டு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகின்றன. அந்த நஞ்சிலிருந்து செய்யும் மருந்து இந்த தேசத்தில் எத்தனையோ உயிர்களை மீட்டிருக்கிறது. தேக்கடிக் காட்டில் 1990களில், திருட்டுத்தனமாக வயணப்பட்டை என்னும் காட்டு லவங்கப்பட்டையை உரித்துத் திரிந்தவர்களை வனத்துறை காவலர்களாக்கியது. காட்டின் கள்ளவழிகள் அத்தனையும் அறிந்த அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் களவைத் தடுப்பவர்களாகவும் ஆனார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் திருப்பத்தூருக்கு அருகிலேயே, பெயரின் முற்பாதியில் வேட்டை ஒலிக்கும் வேட்டங்குடியிலும் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியிலும், கண்மாயில் குஞ்சு பொரிக்கும் பறவைகள் மிரண்டுபோகுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே ஜனங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். 1977இல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அங்கே சரணாலயத்தை உண்மையில் நடத்திவருகிறவை அந்தக் கிராமத்துக் குழந்தைகளின் மத்தாப்பு இல்லாத தீபாவளிகள். பறவைக்கு இதைச் செய்த மண், மானுக்குச் செய்யாதா?

மறுபக்கத்து வாதங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. நிலக்கடலையை வயல் முழுக்கப் போட்டுவிட்டு, ஒரே இரவில் மான்கூட்டம் மேய்ந்துவிட்டுப் போனதைக் காலையில் பார்க்கிற விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அவனிடம் போய்க் காருண்யத்தை உபதேசிப்பது எளிது, நஷ்டத்தைக் கொடுப்பது கடினம். கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்குக் கிடைக்கும்படி கொடுக்க வேண்டும். காட்டுக்குள் நீரும் மேய்ச்சலும் இருந்தால் மான்கள் வயலுக்கு வருவது குறையும் என்பதால், நான் சொல்கிற ஏற்பாடு அவனுக்கும் உதவும்.

அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே உரிமத்தோடு மான் சுடுகிறார்களே, மான் குறைந்தா போய்விட்டது என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே வேட்டைப் பருவத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே, வரைபடத்தையும் காலடியையும் துணையாகக் கொண்டு, எங்கள் பெரியவரைப் போலவே மண்ணைப் பார்த்துவரப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வன உயிர்களுக்கென்றே ஒதுக்கும் சட்டத்தை அவர்கள் 1937இலேயே இயற்றினார்கள். ஒரு காலத்தில் அருகிப்போன வெண்வால் மான் அங்கே இன்று கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. எங்கள் நிலைமை அதுவா? சாலையாலும் வயலாலும் துண்டு துண்டாகிப்போன காடுகளில், ஒன்றோடொன்று சேர வழியில்லாமல் சிதறி நிற்கும் சிறு கூட்டங்கள் நமக்கு உள்ளவை. இவற்றில் சுடுவதற்கென்று உபரியாக ஒன்றும் இல்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது துப்பாக்கி அல்ல. வேட்டைக்கு அடியெடுத்து வைக்கும் முன் வாரக்கணக்கில் நிலத்தைப் படிக்கும் பொறுமைதான்.

தடம் அறிந்த முதியவர்கள் ஏன் முன்வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அஞ்சுகிறார்கள். மான் எங்கே நிற்கும் என்று தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சட்டம் வருமுன்னர் செய்த தொழிலுக்காக எழுபது, எண்பது வயதுக் கிழவர் ஒருவர் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகக்கூடாது. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் இந்த அச்சத்தைப் போக்கும் விதமாக வெளிப்படையான ஓர் உறுதிமொழியைத் தந்து, ஊர்தோறும் இப்படிப்பட்டவர்களைத் தேடி, இளம் வனக்காவலர்களை அவர்களோடு நடக்கவிட வேண்டும். இன்னும் பத்தாண்டுகள் தாமதித்தால் நடப்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.

இந்தக் கட்டுரையில் மான்கள் தண்ணீர் குடிக்க வரும் ஒரு கண்மாயின் பெயரையாவது, ஒரு கிணற்றின் பெயரையாவது நான் வேண்டுமென்றே எழுதவில்லை. கைப்பேசியில் மானைப் படம் பிடித்து, ஊர்ப் பெயரோடும் நேரத்தோடும் உலகுக்கெல்லாம் அனுப்புகிற அன்பர்களையும் அவ்வாறு செய்யவேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஆசையால் அனுப்பும் படம், தலைவிளக்குக் கட்டியவனுக்கு வழிகாட்டியாகிவிடும். உங்கள் ஊரில் தடம் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பாரானால், இந்தப் பங்குனியில் வெயில் ஏறுமுன் அவரோடு ஒருமுறை நடந்துவாருங்கள். அவர் காட்டுகிற நீர்த்துறையையும், சுவரில்லாத கிணற்றையும், சாலையைக் கடக்கும் இடத்தையும் ஒரு தாளில் குறித்து, வனச்சரக அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள். வேறு எவரிடமும் சொல்லாதீர்கள்.